இழுத்தால் இறுகும்

எங்கள் ஆய்வகத்து லேசர் கெட்டுப்போனதால்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்த லேசர் மட்டும் ஒழுங்காக எரிந்திருந்தால், நான் பாட்டுக்குப் பெங்களூரில் ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுகொண்டிருப்பேன். அதன் ஒரு பாகம் பழுதுபார்க்க ஜெர்மனிக்குப் போயிற்று. திரும்பி வர ஆறு வாரமாவது ஆகும் என்றார்கள். மூன்று வருஷமாக லீவே எடுக்காத என்னை எங்கள் பேராசிரியர் ஊருக்குப் போகச் சொன்னார். மே மாதத்து வெயிலில் அஞ்சுகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மறுநாள் காலை நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் என் போட்டோ நாலு வீட்டுக்குப் போய்விட்டது. லேசர் கெடவேண்டும் என்று அம்மா எங்கள் சாமி அய்யாவிடம் நேர்ந்திருப்பாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

என் பெயர் அஞ்சு. இருபத்தெட்டு வயது. உரக்கடை வைகுண்டராஜனுக்கும் செல்லக்கனிக்கும் ஒரே மகள். நான் என்ன படிக்கிறேன் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்திருந்ததால், வந்த அன்றே மூன்று பேர் முட்டுவலியைக் காட்ட வந்துவிட்டார்கள்.

என் வேலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிறகு நான் அடித்த கூத்து புரியாது. நம் உடம்புக்குள் டி செல் என்று ஒரு வகை உயிரணு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வழியில் காணும் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்ப்பது அதன் தொழில். ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து வெளியே ஏந்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது நம் சொந்தத் துணுக்கு. எப்போதாவது ஒன்று கிருமியுடையது. அதைத்தான் ஆன்டிஜென் என்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் மிகமிகக் கொஞ்சம். சும்மா தொட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஒட்டியிருக்கும். அதனால் டி செல் தொடுவதோடு நிற்பதில்லை. தன் மேலே இருக்கும் ஏற்பியால் துணுக்கைப் பிடித்து மெல்ல இழுக்கிறது. தப்பான துணுக்கு என்றால் இழுத்ததுமே வழுக்கிக்கொண்டு போய்விடும். சரியான துணுக்கு இழுக்க இழுக்க இறுகும். அப்படி இறுகி நிற்கிற சில நொடிகளில்தான் எதிரே இருப்பது யார் என்று டி செல்லுக்கு உறைக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாத ஆய்வகங்களும் உண்டு. அவர்களோடு எங்களுக்குத் தீராத சண்டை.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கேட்டால், ஒரு பிச்சிப்பூ இதழின் எடையைக் கோடிப் பங்காக வைத்து அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் சரியான பிடியும் அறுந்துவிடும். லேசர் ஒளியால் ஒரு குட்டி மணியைப் பிடித்து, அதில் துணுக்கை ஒட்டி, டி செல்லிடம் நீட்டி, இழுத்து, எத்தனை நொடி தாங்கியது என்று எழுதுவது என் வேலை. அதில் ஒரு விதி உண்டு. பிடி அறுந்தால்தான் கணக்கு. அறுவதற்கு முன்னால் நிறுத்தினால் அந்த அளவு செல்லாது. ஆகவே நல்ல பிடியோ கெட்ட பிடியோ, அறும்வரை இழுப்போம். மூன்று வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பிடிகளை அறுத்திருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் என் தலையில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டிலிருந்து ஒருவர், யாரோ வழிப்போக்கர் மாதிரி மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார். முக்கில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு ரசவடையை மெதுவாகத் தின்றபடி, அந்தக் குடும்பத்தைப் பற்றி வாயைக் கிளறுவார். எங்கள் வீட்டில் இந்தப் பதவி அம்மாவின் தம்பி சுயம்புராஜ் மாமாவுக்கு. யாருக்கும் தெரியாமல் விசாரிப்பதாக அவருக்கு நினைப்பு. மாவட்டத்தில் எந்த டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலும், ஆளுக்கு ஆள் கண்ணைக் காட்டிக்கொண்டு அந்தத் தெருப் பையன்களை எல்லாம் புகழ ஆரம்பித்துவிடுவார்கள். மாமா மயிலாடிக்குப் போய் இரண்டு டீயும் நாலு ரசவடையும் முடித்துத் திரும்பினார். கல்பட்டறை வைத்திருக்கும் அபிலாஷ் சொக்கத் தங்கம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது இழுத்துப் பார்க்காமல் எடுத்த தகவல், சும்மா தொட்டால் எல்லாருமே தங்கம்தான் என்று சொன்னேன். மாமா கோபித்துக்கொண்டு அன்று மத்தியானச் சோறு வேண்டாம் என்றார். பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அய்யா கோயிலான நிழல்தாங்கலில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான். உள்ளே போய்க் கும்பிட்டால் நம் முகத்தையே நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கும்பிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள், அங்கே கும்பிடும் ஆண்கள் கட்டுகிற தலைப்பாகையோடு நின்றார். நெற்றியில் புதிதாக இட்ட நாமம். புருவத்தில் மட்டும் கல்தூசி. எத்தனை தரம் குளித்தாலும் போகாது போலிருக்கிறது. அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏதோ பிடிபட்டவர் மாதிரி சட்டென்று கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. எதற்கு மறைக்க வேண்டும்?

வெளியே வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் பேசவிட்டார்கள். அவருக்கு முப்பத்தொரு வயது, டிப்ளமா படித்தவர், பட்டறையில் ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார், விளக்குத்தூண்களும் கோயில் படிகளும் செய்து கேரளாவுக்கு அனுப்புகிறார். இதெல்லாம் மாமா சொல்லித் தெரிந்ததுதான். என் வேலையைப் பற்றிக் கேட்டார். வழக்கமாக நான் சொல்ல ஆரம்பித்தால் ஆட்கள் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார்கள். இவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சும்மா தொட்டா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். இழுத்தாத்தான் ஆளு தெரியும். அதானே சொல்லுதிய?"

மூன்று வருஷம் முன்னால் ஆய்வகத்தில் சேர்வதற்கான நேர்முகத்தில் இதைச் சொல்ல எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது. வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை. முந்திரிக்கொத்துப் பலகாரம் என்று நினைத்துத் தட்டில் இருந்த வெற்றிலைப் பாக்கை எடுத்துக் கடித்தேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. இதுவும் சும்மா தொட்டதில் ஒட்டியதுதானே? பத்து நிமிஷம் வேப்பமரத்தடியில் எவரும் எவரோடும் ஒட்டுவார்கள். இவர் என்னோடு நிற்பாரா, இல்லை முதல் இழுப்பில் வழுக்கிப் போவாரா? அது தெரியாமல் சரி என்று சொல்ல என் படிப்பு விடவில்லை. யோசிக்க நாள் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். கூடவே இன்னொரு மாப்பிள்ளையும் வேண்டும் என்றேன். அப்பா கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் எந்தச் சோதனையும் செல்லாது என்று எவ்வளவோ விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா உற்சாகமாகப் பத்மநாபபுரத்துக்குப் போய் இன்னும் மூன்று ரசவடை தின்று, அனில்குமார் என்ற பாங்க் உத்தியோகஸ்தரைக் கொண்டுவந்தார். அவரும் சொக்கத் தங்கம்தான்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். இழுப்பு, ஆள், தாங்கிய நேரம்.

முதல் இழுப்பை இருவருக்கும் ஒரே நேரத்தில் போனில் அனுப்பினேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, பழகும் எண்ணமும் இல்லை. அதைத் தன் அம்மா சொல்லிக்கொடுப்பார்கள் என்று அனில்குமார் பதில் போட்டு, கூட ஒரு சிரிக்கும் பொம்மையும் வைத்தார். அபிலாஷிடமிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சட்டியில் கொதிக்கிற மீன்குழம்பின் படம் வந்தது. தானே வைத்தது என்று கீழே எழுதியிருந்தது.

இரண்டாவது இழுப்பு: படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆகும், அதுவரை பெங்களூரில்தான் இருப்பேன். நாற்பது நிமிஷத்தில் அனில்குமாரின் அப்பா என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்கு இப்போது கல்யாண யோசனை இல்லை என்றார். வழுக்கியது என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷர். சோதனைக்கு ரொம்ப உதவினார். அபிலாஷ் நேரடியாகப் போனில் கூப்பிட்டார். பெங்களூர் ரயில் நாகர்கோவிலில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை பட்டறை திறக்க வழி உண்டா என்று என்னிடமே விசாரித்தார்.

மூன்றாவது: படிப்பு முடிந்தால் வெளிநாடு போவேன், அநேகமாகப் பனி கொட்டும் ஊருக்கு. இந்தத் தடவை அவர் போனில்கூடப் பேசவில்லை. எங்கள் உரக்கடையிலேயே வந்து நின்றார். எதற்கு வந்தீர்கள் என்று அப்பா கேட்க, வாயில் வந்ததைச் சொல்லி ஒரு மூட்டை யூரியா வாங்கினார். அப்பா மூட்டையைத் தூக்கி வைக்கும் இடைவெளியில் என் பக்கம் திரும்பி, அந்த ஊரில் கருங்கல் கிடைக்குமா என்று கேட்டார்.

நான் பெயரை மாற்ற மாட்டேன் என்றதற்கு ஒரு மூட்டை. எனக்கு முன்கோபம் அதிகம், பாத்திரம் பறக்கும் என்றதற்கு இன்னொரு மூட்டை. பத்து நாளில், ஒரு சென்ட் நிலம் இல்லாத அபிலாஷ் மூன்று மூட்டை யூரியாவுக்குச் சொந்தக்காரர் ஆனார். பையனுக்கு விவசாயத்தில் என்ன பிடிப்பு என்று அப்பா வியந்தார். நான் நோட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். முதலில் படம், பிறகு குரல், பிறகு நேரில். இழுக்க இழுக்க அந்த மனுஷர் கிட்டே வந்துகொண்டிருந்தார். நாலாயிரம் பிடிகளில் பார்த்த அதே கோடு, மேலே மேலே ஏறுகிற அதே வளைவு, அஞ்சுகிராமத்தில், என் கையெழுத்தில். அடுப்படியில் தனியாக நின்று ஆடினேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லையே என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கட்டத்தில் தாங்கிய நேரம் என்ற இடம் காலியாகக் கிடந்தது. அறாத பிடிக்கு எந்த நேரத்தை எழுதுவது? மூன்று வருஷப் பழக்கம் விரலை அரித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை. உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிய கையோடு போன் கடிகாரத்தையும் ஓடவிட்டேன். இவர் இப்போது பைக்கை முடுக்கிக்கொண்டு வருவார், நாலாவது மூட்டை எந்த உரமாக இருக்கும் என்று யோசித்து எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் பதினாலு நொடியில் பதில் வந்தது.

சரி, நல்லாப் படியுங்க.

அவ்வளவுதான். நோட்டில் இரண்டு நிமிஷம் பதினாலு நொடி, அறுந்தது என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் அபிலாஷின் அம்மா என் அம்மாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு இஷ்டமில்லையாமே, எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்கள். அம்மா என் முன்னால் வந்து நின்றாள். நான் நோட்டைக் காட்டி விளக்கப் போனேன்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றாள் அம்மா. "புடிச்சவனப் போயி எவளாவது வேண்டாம்னு சொல்லிப் பாப்பாளா?"

ஆய்வகத்தில் இருபது பேர் உண்டு. ஒருவர்கூட அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் கடை ஸ்கூட்டரை எடுத்தேன். தன் விசாரணைக்கு இழுக்கு வந்துவிட்டது என்று சுயம்புராஜ் மாமா பின்னால் ஏறிக்கொண்டார். மயிலாடி போய்ச் சேரும்வரை, தங்கத்தைப் போய் உரசிப் பார்த்துவிட்டாயே மக்கா என்று என் காதுக்குள் புலம்பிக்கொண்டே வந்தார்.

பட்டறை முழுக்க வெள்ளைத் தூசி. அறுக்கும் மெஷின் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே ஓர் ஓரத்தில் மூன்று யூரியா மூட்டைகள் வரிசையாக நின்றன. பிரிக்கவேயில்லை. அபிலாஷ் ஒரு நீளமான கருங்கல் முன்னால் குந்தி உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ஆறு வேலைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். மாமா அவர்களுக்கு டீ சொல்லும் சாக்கில் எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தாங்கல் கண்ணாடியில் பார்த்தபோதே பிடித்துவிட்டது, அதனால் வந்த பயம், அனில்குமார், கட்டம் போட்ட நோட்டு, இழுப்பு, கடைசியாக அந்தச் செய்தி. அது பொய் என்று சொன்னேன். நோட்டையும் கையில் கொடுத்தேன். அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். மீன்குழம்புக்கு நான் போட்டிருந்த குறிப்பில் மட்டும் வாய் கொஞ்சம் கோணியது. கடைசி வரியில் வெகுநேரம் நின்றார்.

"நீங்க என்ன எழுதுனாலும் நான் வந்திருப்பேன்," என்றார். "ஆனா வேண்டாம்னு சொன்ன பொறவு எப்படி வர? வேண்டாம்னு சொல்லுத பிள்ளையப் பிடிச்சி வச்சிக்கிடதுக்குப் பேரு பிடி இல்ல. இது அறுந்தது இல்ல, நான் விட்டது."

மூன்று வருஷமாக அறுந்தது என்று எழுதிய இடங்களில் எத்தனை விட்டவையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மணிகளுக்கு அப்படி மனசு ஏதும் கிடையாதுதான். ஆனாலும் தோன்றியது.

அவர் அந்தக் கல்லைக் காட்டினார். பார்வைக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான், தட்டினால்தான் உள்ளே கீறல் இருக்கிறதா என்று கேட்கும். நல்லபடி ஒலித்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும், எதுவரை தாங்கும் என்று பார்க்க ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் கையில் இரண்டு துண்டுதான் மிஞ்சும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். அறுந்த பிடி உங்கள் ஆய்வகத்தில் மறுபடியும் ஒட்டுமா? ஒட்டும் என்றேன். அது பசை இல்லை, விட்டு விட்டுப் பிடிப்பதுதான் அதன் இயல்பு, கிட்டே இருந்தால் திரும்பப் பிடிக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொன்றும் கேட்டார். கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனிக்கும் அதே இழுப்புத்தானே? ஆமாம் என்றேன்.

"அப்ப இனி என் முறை," என்றார். "பதினஞ்சு நாளு நீங்க எனக்குப் போன் பண்ணாண்டாம், ஒண்ணும் எழுதாண்டாம். நானும் மாட்டேன். இழுக்காம இருக்கத் தெரியுமான்னு பாப்போம். அது முடிஞ்சி நான் பதில் சொல்லுதேன்."

சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நோட்டை அவரே வைத்துக்கொண்டார்.

இழுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதல் நாளே போனை அம்மாவிடம் கொடுத்து அரிசிப் பானைக்குள் வைக்கச் சொன்னேன். இரண்டாம் நாள் அரிசிப் பானைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்டதாக மூன்று முறை ஓடினேன். நாலாம் நாள் சமைக்கப் பழகுகிறேன் என்று மீன்குழம்பு வைத்தேன். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஆறாம் நாள் கடையில் போய் உட்கார்ந்து, யூரியா வாங்க வரும் ஒவ்வொருவரையும் முகம் பார்த்தேன். ஒருவரும் என்னை இழுக்கவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டுதான் இருந்தது, நான் இறுகிக்கொண்டுதான் போனேன். எதிர் நுனியில் அவர் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவில் என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது. அவரும் இப்போது இப்படித்தான் இருக்கிறாரா, இல்லை கல்லைத் தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாரா? அது தெரியாமல் பைத்தியம் பிடித்தது.

பதினோராம் நாள் பேராசிரியர் அப்பாவின் போனில் கூப்பிட்டார். லேசர் சொன்ன நாளுக்கு முன்னமே வந்துவிட்டது, உடனே கிளம்பு என்றார். மறுநாள் சாயங்கால ரயிலில் டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. மூன்று நாள் மிச்சமிருக்க நான் கிளம்ப வேண்டும். அவரிடம் சொல்லவும் கூடாது. பதில் தெரியாமல், பெங்களூர் இருட்டறையில் போய் நான் எந்தப் பிடியை அளக்கப் போகிறேன்? பெட்டியை அடுக்கும்போது ஒரு துணியை மூன்று தரம் மடித்தேன். சொல்லக்கூடாது என்றால் கூடாதுதான். விடத் தெரிந்த மனுஷரிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குத்தான் கூடாது. சுயம்புராஜ் மாமாவுக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அன்று மத்தியானம் அவரைக் காணவில்லை. மயிலாடி டீக்கடையில், பட்டறைக்கு நேர் எதிரே, யாரையும் விசாரிக்காமல் உட்கார்ந்து ரசவடை தின்றிருக்கிறார். வழக்கமாக அடுத்தவர் வாயைக் கிளறுகிறவர், அன்றைக்கு யாரும் கேட்காமலே, என் மருமகள் நாளைக்கு ஏழு மணி வண்டிக்குப் பெங்களூர் போகிறாள் என்று பட்டறை மெஷினையும் மீறிக் கேட்கும்படி நாலு தரம் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பாட்டில் அவர் முகத்தில் இருந்த திருட்டுக்களையை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்கு நாகர்கோவில் ஸ்டேஷன். அப்பாவும் அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அம்மா கட்டிக் கொடுத்த மட்டிப்பழக் குலையும் முந்திரிக்கொத்து டப்பாவும் சேர்ந்து என் பெட்டியைவிடக் கனத்தன. தலையைத் திருப்பினால், பிளாட்பாரத்தில் அபிலாஷ் நடந்து வருகிறார். குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புருவத்தில் தூசி.

என் முன்கோபம் எங்கே போகும்? பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றேன்.

"நான் பேச வரல்ல," என்றார். "பெட்டி தூக்க வந்தேன்."

தூக்கினார். பெட்டி, குலை, டப்பா எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினார். இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தார். அது சரியில்லை என்று வெளியே எடுத்து மறுபடி வைத்தார். குலை நசுங்கும் என்று மேலே வைத்தார், விழும் என்று கீழே எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கு வாக்குதானே. நானும் பேசவில்லை. பேசினால் நான் இழுத்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜன்னலில் அம்மா, மக்கா வண்டி எடுக்கப் போறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நகர்ந்தது. இறங்கச் சொல்லி அப்பா கை காட்டினார். மாமா கூடவே ஓடிவந்தார். அபிலாஷ் நிமிர்ந்து, ஓடுகிற பிளாட்பாரத்தைப் பார்த்தார். பிறகு என் எதிர் இருக்கையில் நிதானமாக உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து பிளாட்பாரம் டிக்கெட்டையும், மடித்து வைத்த என் நோட்டையும் எடுத்தார். கடைசி வரியில் அறுந்தது என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டிருந்தார். தாங்கிய நேரம் என்ற கட்டம் மறுபடியும் காலியாகக் கிடந்தது. நோட்டை என் பக்கம் தள்ளினார்.

வள்ளியூரில் இறங்கிப் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். டப்பாவைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

வள்ளியூர் வந்தது. வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மறுபடியும் இழுத்தது. நான் பேனாவைத் திறந்தேன், அந்தக் கட்டத்தைப் பார்த்தேன், ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டேன்.

"இறங்கலியா?" என்று கேட்டேன்.

"இழுக்கட்டும்," என்றார்.